பீரங்கிக் குண்டு செய்த ஆலையில் ஸ்கூட்டர் செய்ய முடியுமா?

நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத் தோட்டத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. திரண்ட தோளுடைய ஒருவர் சுத்தியலை ஓங்கி, ஒரு வாளை அடித்து வளைத்துக் கலப்பையாக்கிக் கொண்டிருக்கிறார். யெவ்கேனி வுச்செதிச் என்ற சிற்பி வடித்தது. 1959-ல் சோவியத் ஒன்றியம் பரிசாகக் கொடுத்தது. போர் முடிந்தபின் ஆயுத ஆலைகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தாலே பலர் மனதில் ஓடுவது ஏறக்குறைய இந்தக் காட்சிதான். இரும்பு அதே இரும்பு, உலை அதே உலை, அடிக்கிற வடிவத்தை மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு பேச்சு உண்டு. ஆயுத ஆலைக்கு ஆயுதத்தைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாது, ஒன்று ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் இழுத்து மூட வேண்டும் என்பார்கள்.

கடந்த நூறு ஆண்டுகளில் இரண்டு பக்கத்துக்கும் சான்றுகள் இருக்கின்றன. குண்டுவீச்சு விமானம் செய்தவர்கள் ஸ்கூட்டர் செய்து ஜெயித்திருக்கிறார்கள். ஹெலிகாப்டர் செய்தவர்கள் டிராம் வண்டி செய்து தோற்றிருக்கிறார்கள். ஏன் ஓரிடத்தில் நடந்தது, இன்னோரிடத்தில் நடக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. நான்கைந்து அடிப்படை விஷயங்கள் பிடிபட்டால் போதும். அவற்றில் முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இயந்திரத்தை மாற்றுவது இந்த வேலையின் சுலபமான பகுதி. வாங்குபவர் மாறுவதுதான் பெரிய சிக்கல்.

## சீருடை தைத்தவர் கடை திறக்கிறார்

ஒரு தையற்காரரை எடுத்துக்கொள்வோம். இருபது வருடமாக ஒரே ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். அளவு அவர்கள் தருகிறார்கள், துணியின் தரத்தை அவர்களே எழுதித் தருகிறார்கள். துணி, நூல், பொத்தான், கூலி என்று ஆன செலவைக் கணக்குக் காட்டினால், அதற்கு மேல் ஒரு லாபத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். தையல் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு பொத்தான் தெறித்தாலும் மொத்தமும் திரும்பி வரும்.

ஒருநாள் அந்த நிறுவனம் “இனி சீருடை வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறது. சரி, அவர் கடை திறக்கிறார். தையல் இயந்திரம் அதேதான், கையும் அதேதான். ஆனால் இப்போது என்ன தைப்பது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். என்ன விலை வைத்தால் விற்கும் என்று யோசிக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் பாதி விலைக்குத் தருகிறார். இவர் போடுகிற மூன்று வரிசைத் தையலுக்கு யாரும் கூடுதலாகக் காசு கொடுப்பதாக இல்லை. விற்காத சட்டை அலமாரியிலேயே கிடக்கிறது. அந்த நஷ்டம் முழுக்க அவருடையது.

ஆயுத ஆலையின் நிலைமை இதுதான், பல ஆயிரம் மடங்கு பெரிதாக. வாங்குபவர் ஒரே ஒருவர், அதாவது அரசு. விலை பெரும்பாலும் ‘செலவோடு லாபம்’ என்ற முறையில் அமைகிறது. ஆன செலவை அரசு ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு தொகையை லாபமாகக் கொடுப்பதே இந்த முறை. போர்க்காலத்தில் இதற்கு நியாயமும் இருக்கிறது. இதுவரை யாரும் செய்யாத ஒரு பொருளை, அவசரமாக, எவ்வளவு வேண்டும் என்றே தெரியாமல் கேட்கும்போது, முன்கூட்டி விலை சொல்ல எந்த ஆலையாலும் முடியாது. ஆனால் அந்த முறையில் பல வருடம் ஓடிய ஆலையில் செலவைக் குறைக்கும் பழக்கமே யாருக்கும் இருக்காது.

## திரும்புவது வேறு, மாறுவது வேறு

இந்த விஷயத்தில் வரும் குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

முதல் வகை, ஏற்கெனவே அமைதிக்கால வேலை செய்துகொண்டிருந்த ஆலை. போர் வந்தது, ஆயுதம் செய்தது, போர் முடிந்ததும் பழைய வேலைக்குப் போனது. இதைத் ‘திரும்புதல்’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வகை, ஆயுதம் செய்வதற்கென்றே பிறந்த ஆலை. அதற்குத் திரும்பிப் போகப் பழைய வேலை என்று ஒன்று கிடையாது. அது செய்ய வேண்டியது ‘மாறுதல்’.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கா முதல் வகைக்குச் சரியான சான்று. 1942 பிப்ரவரியில் அங்கே பொதுமக்களுக்கான கார் உற்பத்தி அடியோடு நிறுத்தப்பட்டது. டெட்ராய்ட்டின் கார் நிறுவனங்கள் டாங்கி, விமான எஞ்சின், துப்பாக்கி என்று செய்யத் தொடங்கின. 1945 ஜூலையில் ஃபோர்டு மறுபடி பொதுமக்களுக்கான காரை வெளியே விட்டது. அந்தக் கார் பெரும்பாலும் 1942-ன் பழைய வடிவமைப்புதான். அச்சுகள் கையில் இருந்தன, முகவர்கள் இருந்தார்கள், பழுது பார்க்கும் கடைகள் இருந்தன. மூன்றரை வருடமாகப் புதுக் கார் பார்க்காத மக்கள், போர்க்காலத்தில் செலவு செய்ய வழியில்லாமல் சேர்ந்த பணத்தோடு வரிசையில் நின்றார்கள். இப்படி வாங்க ஆசையும் பணமும் இருந்தும் பொருள் கிடைக்காமல் அடைபட்டு நிற்பதைத் ‘தேங்கிய தேவை’ என்பார்கள். இந்தத் தேங்கிய தேவைதான் அமெரிக்காவைத் தூக்கி நிறுத்தியது. 1945-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் இருந்த படை 1947-ல் ஏறக்குறைய 15 லட்சமாகச் சுருங்கியது. அத்தனை பேர் வேலை தேடி ஊர் திரும்பியும், 1946-ல் வேலையின்மை 4 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இரண்டாம் வகையைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே ஃபோர்டு, அதே மிச்சிகன் மாநிலம். வில்லோ ரன் என்ற இடத்தில், விவசாய நிலத்தில், 1941-ல் பி-24 குண்டுவீச்சு விமானத்துக்காகவே ஓர் ஆலை எழும்பியது. 1944-ல் உச்ச வேகத்தில் ஏறக்குறைய மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. பாகங்களாக அனுப்பியவற்றையும் சேர்த்து மொத்தம் 8,685. கடைசி விமானம் 1945 ஜூனில் முடிந்தது. அப்புறம் அவ்வளவு பெரிய கட்டடத்தை என்ன செய்வது? ஃபோர்டுக்கே அது தேவைப்படவில்லை. போர்க்காலத்தில் கப்பல் கட்டிப் பேர் வாங்கிய ஹென்றி கைசரும், கார் தொழிலில் பழுத்த ஜோசப் ஃப்ரேசரும் சேர்ந்து அதைக் குத்தகைக்கு எடுத்து, 1946-லிருந்து கைசர், ஃப்ரேசர் கார்களைச் செய்தார்கள். தேங்கிய தேவை இருந்தவரை கார்கள் விற்றன. பழைய நிறுவனங்கள் புது மாதிரிகளோடு வந்ததும் விற்பனை சரிந்தது. 1953-ல் கார் உற்பத்தி அங்கிருந்து போய்விட்டது. லிவோனியாவில் தன் கியர்பெட்டி ஆலையைத் தீ விபத்தில் இழந்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் கட்டடத்துக்குள் வந்தது.

வில்லோ ரன் மாறியது என்று சொல்வதா, தோற்றது என்று சொல்வதா? கட்டடம் பல பத்தாண்டுகள் வேலை கொடுத்தது. ஆனால் அதை எடுத்த முதல் நிறுவனத்தால் அங்கே நிலைக்க முடியவில்லை. “அந்த ஆலை மாறிவிட்டது” என்று யாராவது சொன்னால், மாறியது கட்டடமா, இயந்திரமா, நிறுவனமா, அங்கே வேலை செய்தவர்களா என்று நான் கேட்பேன். நான்கும் சேர்ந்து மாறுவது அரிது.

இதுவரை பார்த்தது: போருக்கு முன் வேறு வேலை செய்த ஆலைக்குத் திரும்பிப் போக இடம் இருக்கிறது, அங்கே வாடிக்கையாளரும் காத்திருக்கிறார். ஆயுதத்துக்கென்றே பிறந்த ஆலைக்கு இரண்டுமே இல்லை. பாராட்டிப் பேசப்படும் வெற்றிக் கதைகளில் நிறைய முதல் வகையைச் சேர்ந்தவை.

## எந்த ஆலையைப் பற்றிப் பேசுகிறோம்?

‘ஆயுத ஆலை’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒரு பீரங்கிக் குண்டு உருவாகும் வழியைப் பின்தொடர்ந்து போனால் அதற்குள் எத்தனை விதம் இருக்கிறது என்று தெரியும்.

முதலில் ஓர் எஃகுக் கட்டையை அளவாக வெட்டுகிறார்கள். பழுக்கக் காய்ச்சி, பெரிய அழுத்து இயந்திரத்தில் வைத்து நடுவில் குத்தித் துளைத்து, நீளமான குவளை போல இழுக்கிறார்கள். பிறகு லேத்தில் சுற்ற வைத்து வெளிப்பக்கம் கடைகிறார்கள். மூக்குப் பகுதியைச் சூடாக்கிக் குறுக்குகிறார்கள். அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் செம்பு வளையத்தை இறுக்கிப் பொருத்துகிறார்கள். குண்டு பீரங்கிக் குழாய்க்குள் போகும்போது சுழற்சி கொடுப்பது அந்த வளையம்தான். இதுவரை எல்லாம் வெறும் உலோக வேலை. இந்தப் பட்டறையில் இருக்கும் சாதாரண லேத் எதை வேண்டுமானாலும் கடையும்; அது ‘பொதுப்பயன் இயந்திரம்’. அழுத்து இயந்திரமும் அச்சை மாற்றினால் வாயு உருளை செய்யும், ஏனென்றால் இரண்டுக்கும் வேண்டியது மூட்டில்லாத கெட்டியான எஃகுக் குவளை. ஆனால் ஒரே அளவுக் குண்டை நொடிக்கணக்கில் கடைவதற்கென்றே செய்த ‘ஒற்றைப்பயன் இயந்திரம்’ அந்தக் குண்டுக்குத் தேவை போனதும் பழைய இரும்புதான். போர் எவ்வளவு நீள்கிறதோ, ஆலைகள் அவ்வளவு தூரம் இந்த இரண்டாவது வகையை வாங்கிக் குவிக்கும். வேகம் அதில்தான் வரும்.

அடுத்து வெடிமருந்து. இது வேதியியல் ஆலை. அம்மோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம், அதிலிருந்து வெடிமருந்து என்பது வழி. அதே அம்மோனியாவும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட். அது உரமும் ஆகும், வெடிபொருளும் ஆகும். ஆக, வடிவம் மாற்றாமலே பொருள் மாறுகிற அபூர்வமான இடம் இது. போருக்காகக் கட்டிய அம்மோனியா ஆலைகளை உரத்துக்குத் திருப்பியதுதான் அமெரிக்காவில் நடந்த மாற்றங்களிலேயே மிகப் பெரிய பலன் தந்தவற்றில் ஒன்று.

அதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அலபாமாவில் மஸில் ஷோல்ஸ் என்ற இடத்தில் முதல் உலகப் போருக்காக நைட்ரேட் ஆலை கட்டினார்கள். அது முழு வேகம் பிடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. அப்புறம் அதை யாரிடம் கொடுப்பது என்ற சண்டை. 1921-ல் ஹென்றி ஃபோர்டு கேட்டார். செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் பொதுச்சொத்தைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது என்று எதிர்த்தார். ஒருவழியாக 1933-ல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு அமைப்பு உருவாகி அதை எடுத்துக்கொண்டபோது, அந்த ஆலையின் தொழில்நுட்பமே பழசாகிவிட்டிருந்தது. உர ஆய்வுக்கு அந்த இடம் நன்றாகப் பயன்பட்டது என்பது வேறு விஷயம். ஆலை காத்திருக்கும், தொழில்நுட்பம் காத்திருக்காது.

இரண்டாவது எச்சரிக்கை கொடுமையானது. 1947 ஏப்ரல் 16 அன்று டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்காம்ப் என்ற கப்பலில் 2,000 டன்னுக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் உரம் தீப்பிடித்து வெடித்தது. குறைந்தது 581 பேர் இறந்தார்கள். போரில் நொறுங்கிய ஐரோப்பாவின் வயல்களுக்காக, நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களின் முன்னாள் வெடிமருந்து ஆலைகளில் செய்யப்பட்ட உரம் அது. ஈரத்தில் கட்டி பிடிக்காமல் இருக்க அந்தக் குருணைகளுக்கு மெழுகுப் பூச்சு கொடுத்திருந்தார்கள். எரியக்கூடிய அந்தப் பூச்சு உரத்தின் ஆபத்தைக் கூட்டியது. காகிதப் பையில் ‘உரம்’ என்று இருந்ததால் கப்பலில் ஏற்றியவர்கள் யாரும் அதை வெடிபொருள் என்று நினைக்கவில்லை. வெடிமருந்து ஆலைக்குள் இருந்தவரை அந்தப் பொருளைச் சுற்றி எத்தனையோ கட்டுப்பாடுகள் இருந்தன. பொருள் வெளியே வந்தது, கட்டுப்பாடு கூட வரவில்லை. மாறுதலைப் பற்றி மகிழ்ச்சியாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தத் துறைமுகத்தையும் நினைவில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசிக் கட்டம், குண்டுக்குள் வெடிமருந்தை நிரப்பும் ஆலை. இதை ‘நிரப்பு ஆலை’ என்போம். உள்ளே போனால் இது ஆலை மாதிரியே இருக்காது. சின்னச் சின்னக் கட்டடங்கள், ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில், நடுவே மண் மேடுகள். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது தப்ப வேண்டும். பிரிட்டனின் நிரப்பு ஆலைகளில் தரையில் ஒரு தடுப்பு இருக்கும்; ஒரு பக்கம் ‘அழுக்கு’, மறுபக்கம் ‘சுத்தம்’. தொழிலாளர்கள் தீக்குச்சி, மோதிரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிவைத்து, செருப்பை விட்டு, தடுப்பைத் தாண்டி, உள்ளே போட வேண்டிய காலணியில் கால் வைப்பார்கள். டி.என்.டி. என்ற வெடிமருந்து பட்டுச் சிலருக்குத் தோலே மஞ்சளாகிவிடும். இந்த அமைப்பில் கார் கோக்க முடியாது, துணி நெய்ய முடியாது. மண்ணில் படிந்த நஞ்சை அகற்றாமல் வேறு எதற்கும் கொடுக்க முடியாது.

ஆனாலும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேல்ஸில் பிரிட்ஜெண்ட், வடகிழக்கு இங்கிலாந்தில் ஏக்ளிஃப் ஆகிய இடங்களில் இருந்த நிரப்பு ஆலைகளைப் போருக்குப் பின் தொழிற்பேட்டைகளாக்கினார்கள். சாலை, மின்சாரம், தண்ணீர், ரயில் எல்லாம் இருந்தன. தனித்தனிக் கட்டடங்களைத் தனித்தனிச் சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏக்ளிஃபைச் சுற்றி ஒரு புது நகரமே எழுந்தது. இயந்திரம் ஒன்றுகூட மிஞ்சாத இடத்தில்கூட நிலமும் குழாயும் சாலையும் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சுருக்கமாக: உலோகப் பட்டறை ஓரளவு சுலபமாக மாறும். வேதியியல் ஆலை மிகச் சுலபமாக மாறும், ஆனால் ஆபத்தோடு. நிரப்பு ஆலை ஆலையாக மாறாது, இடமாக மாறும்.

## விமானம் செய்தவர்களின் ஸ்கூட்டர்

தலைப்புக்கு வருவோம். இத்தாலியில் பொந்தெதேரா என்ற ஊரில் பியாஜியோ நிறுவனம் குண்டுவீச்சு விமானங்கள் செய்துகொண்டிருந்தது. போரில் ஆலை தரைமட்டமானது. போருக்குப்பின் விமானத்துக்கு ஆர்டரும் இல்லை. மக்களுக்குக் கார் வாங்க வசதி இல்லை, சாலைகளோ குண்டும் குழியும். நிறுவனத்தின் தலைவர் என்ரிகோ பியாஜியோ, ஹெலிகாப்டர் வடிவமைத்துப் புகழ்பெற்ற பொறியாளர் கொராதீனோ தஸ்கானியோவிடம் ஒரு எளிய இருசக்கர வண்டி கேட்டார். தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. எண்ணெய் தெறிக்கும், சங்கிலி துணியை அழுக்காக்கும், சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்பது அவருடைய குறை. அதனால் அவர் எல்லாவற்றையும் விமானக்காரர் கண்ணோடு பார்த்தார். குழாய்ச் சட்டத்துக்குப் பதில் தகட்டையே வளைத்து உடலாக்கினார். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்வாமல், விமானத்தின் இறங்கு சக்கரம் போல ஒரே பக்கத்தில் தாங்கவைத்தார். சக்கரத்தை மாற்றுவது சுலபமானது. எஞ்சினை மூடினார், சங்கிலியை நீக்கினார். 1946-ல் வெஸ்பா வந்தது. முதல் வருடத்தில் சுமார் 2,500 வண்டிகள். அடுத்த வருடம் 10,000-ஐத் தாண்டியது.

ஜப்பானிலும் இதே காலத்தில் இதே கதை. போர் விமானம் செய்த நகாஜிமா நிறுவனம் இனி விமானமே செய்யக் கூடாது என்று நேச நாடுகள் தடை போட்டன. அதன் வழிவந்த நிறுவனம் 1946-ல் ராபிட் என்ற ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதற்குப் போட்ட சக்கரம், கிடங்கில் மிச்சமிருந்த குண்டுவீச்சு விமானத்தின் வால் சக்கரம்! அந்த நிறுவனத்தின் வழியில்தான் பின்னால் சுபாரு கார் வந்தது. சோய்ச்சிரோ ஹோண்டாவும் ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறு எஞ்சின்களை உபரிக் கிடங்கிலிருந்து வாங்கி சைக்கிளில் பொருத்தித்தான் தொழிலை ஆரம்பித்தார்.

பிரிட்டனில் விமான ஆலைகள் வீடு செய்தன. அலுமினியத் தகட்டில், முழு வீட்டையும் நான்கு துண்டுகளாக, குழாயும் மின்கம்பியும் அலமாரியும் உள்ளே பொருத்தி, லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். மனையில் இறக்கி ஒன்றோடொன்று திருகினால் வீடு. இப்படி 54,000-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்த நாடு அது.

இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவானது என்ன? தேவை கண் முன்னால் நின்றது. என்ன செய்யலாம் என்று சந்தை ஆய்வு செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதோடு, இத்தாலியிலும் ஜப்பானிலும் பழைய வாடிக்கையாளர், அதாவது ராணுவம், திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நிச்சயம் சிறந்த மூளைகளை ஸ்கூட்டர் பக்கம் திருப்பியது. ராணுவ ஆர்டர் எப்போது வேண்டுமானாலும் திரும்பும் என்ற நம்பிக்கை இருந்தால், எந்த நிறுவனமும் தன் முதல்தரப் பொறியாளரை ஸ்கூட்டர் வரையச் சொல்லாது.

## ஹெலிகாப்டர் செய்தவர்களின் டிராம்

வியட்நாம் போர் சுருங்கியபோது அமெரிக்காவின் போயிங் வெர்ட்டால் பிரிவு, அதாவது சினூக் ஹெலிகாப்டர் செய்தவர்கள், நகர டிராம் வண்டி செய்யும் ஒப்பந்தத்தை எடுத்தார்கள். 1976 முடிவில் பாஸ்டனில் வண்டி ஓடத் தொடங்கியது. கதவு வடிவமைப்பு அளவுக்கு மீறிச் சிக்கலாக இருந்தது, அடிக்கடி மாட்டிக்கொண்டது. குளிர்சாதனம் காற்றை வண்டியின் அடியிலிருந்து இழுத்ததால் தண்டவாளத் தூசியெல்லாம் அதற்குள் போனது. குறுகிய வளைவுகளில் வண்டி தடம் புரண்டது. பாஸ்டன் ஒரு கட்டத்தில் மீதி வண்டிகளை வாங்க மறுத்துவிட்டது. 1980-ல் நியூயார்க் நகரமும் போர் விமானத்துக்குப் பேர்போன கிரம்மன் நிறுவனத்தின் பேருந்துகளை, சட்டத்தில் விரிசல் விழுந்ததால், சாலையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது.

இவர்கள் திறமையில்லாதவர்கள் இல்லை. ஹெலிகாப்டரைப் பறக்கவைப்பதைவிட டிராம் கதவு கடினமா என்ன? ஆனால் ராணுவ ஹெலிகாப்டர் ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் பயிற்சி பெற்ற ஆட்களின் கைக்குப் போகும். டிராம் நாள் முழுக்க நின்று நின்று ஓடும், ஆயிரக்கணக்கான பேர் கதவைத் தள்ளுவார்கள், பராமரிப்புக்கு நகராட்சியிடம் பணம் குறைவு. சீருடை தைத்தவர் குழந்தைச் சட்டை தைக்க வந்தால் துணி கிழியாது. ஆனால் குழந்தை அந்தச் சட்டையை என்ன பாடு படுத்தும் என்று அவர் பார்த்ததில்லை.

இதே கிரம்மன் இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் விமான அலுமினியத்தில் சிறு படகு செய்து நன்றாக விற்றது. படகு எளிய பொருள், கைப்பழக்கமான உலோகம், வாங்குபவரின் தேவையும் நேரடியானது. ஒரு நிறுவனம் ‘மாறக்கூடியதா’ என்று கேட்பதைவிட, எந்தப் பொருளுக்கு மாறுகிறது என்று கேட்பது பயனுள்ளது.

இன்னொன்றையும் இங்கே பிரித்துவிடுகிறேன். ரேடார் குழாயிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு வந்ததை ஆலை மாற்றத்துக்குச் சான்றாகப் பலர் சொல்கிறார்கள். அது தொழில்நுட்பம் வழிந்து வெளியே வந்தது. ரேடார் ஆலையும் நடந்துகொண்டே இருந்தது, அடுப்பும் வந்தது. நம் கேள்வி, ஆயுத ஆர்டர் நின்றபின் அந்த ஆலைக்கும் ஆட்களுக்கும் என்ன ஆகிறது என்பது.

## திட்டம் எப்போது எழுத வேண்டும்?

அமெரிக்கா 1945-ல் தப்பித்ததற்குத் தேங்கிய தேவை மட்டும் காரணமில்லை. போர் உச்சத்தில் இருந்த 1944-லேயே மூன்று சட்டங்கள் வந்துவிட்டன. ஒன்று, ரத்தாகும் ஒப்பந்தங்களுக்கான பணத்தை விரைவாகத் தீர்ப்பதற்கு. பாதி செய்த டாங்கி பட்டறையில் நிற்கும்போது, அதற்குக் காசும் வராமல், அதை அப்புறப்படுத்தவும் முடியாமல் இருந்தால், புது வேலைக்கு இடமே கிடைக்காது. இரண்டாவது, அரசு கட்டிய ஆலைகளையும் உபரிப் பொருள்களையும் விற்பதற்கு. மூன்றாவது, படையிலிருந்து திரும்புபவர்களுக்குப் படிப்பு, வீட்டுக்கடன், வேலையில்லாக் கால உதவி. இந்த மூன்றாவது, லட்சக்கணக்கான பேரைக் கல்லூரிக்கு அனுப்பி, எல்லோரும் ஒரே நாளில் ஆலை வாசலில் வந்து நிற்காமல் பார்த்துக்கொண்டது.

எதிர்முனையில் சோவியத் ஒன்றியம். 1988 டிசம்பரில் அதன் தலைவர் கோர்பச்சேவ் ஐ.நா.வில் பேசியபோது படையில் 5 லட்சம் பேரைக் குறைப்பதாகவும், முதலில் இரண்டு மூன்று ராணுவ ஆலைகளை மாற்றிப் பார்க்கத் திட்டம் வகுப்பதாகவும் அறிவித்தார். சோவியத் ராணுவ ஆலைகளுக்குப் பொதுமக்கள் பொருள் புதிதல்ல. நாட்டின் தொலைக்காட்சிப் பெட்டிகளே ஏறக்குறைய முழுவதும் அவற்றில்தான் செய்யப்பட்டன. வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலை துணி துவைக்கும் இயந்திரம்கூடச் செய்தது. ஆகவே கைத்திறன் குறைவில்லை. ஆனால் 1991 முடிவில் நாடே கலைந்தது, 1992-ல் ரஷ்யா ஆயுதக் கொள்முதலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக வெட்டியது. அதே வருடம் விலைகள் கட்டவிழ்ந்து ஏறின, மக்கள் சேமிப்பு கரைந்தது, வெளிநாட்டுப் பொருள்கள் சந்தைக்கு வந்தன. வாங்க ஆளும் இல்லை, கடன் கொடுக்க வங்கியும் இல்லை, யோசிக்க நேரமும் இல்லை. சம்பளம் மாதக்கணக்கில் தேங்கியது, நல்ல பொறியாளர்கள் வெளியேறினார்கள். இதை வைத்து “மாற்றம் நடக்காத காரியம்” என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. எந்தத் தொழிலும் அந்த வருடத்தைத் தாங்கியிருக்காது.

சீனா நிதானமாகப் போனது. சிச்சுவான் மாகாணத்தின் மியான்யாங்கில் விமான ரேடார் செய்த சாங்ஹோங் ஆலை படிப்படியாகத் தொலைக்காட்சிக்கு மாறி, 1990-களில் அந்த நாட்டின் முன்னணி டிவி நிறுவனமானது. மக்களின் கையில் பணம் கூடிக்கொண்டே போன பத்தாண்டுகள் அவை.

ஆக, காலமும் சந்தையும் சேர்ந்து கிடைக்க வேண்டும். ஆர்டர் நின்றபின் திட்டம் எழுத உட்கார்ந்தால் தாமதம்.

## ஆட்களை யார் கேட்டது?

இயந்திரங்களுக்குக் கணக்கு எடுக்கிறோம். தெரிந்த வேலைக்கு யாரும் கணக்கு எடுப்பதில்லை. பிரிட்ஜெண்ட் நிரப்பு ஆலையில் உச்சகட்டத்தில் 30,000-க்கும் மேல் வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். போர் முடிந்ததும் முதலில் வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்டவர்களும் அவர்கள்தான். மாற்றம் வெற்றி என்று எழுதப்பட்ட பல இடங்களில் இந்தப் பெண்களின் வேலை அந்தக் கணக்கில் வரவே இல்லை.

விதிவிலக்காக ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் ஆள்குறைப்பு செய்யத் தொடங்கியபோது, அதன் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தங்களுக்குள்ளேயே ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். நம்மிடம் என்ன இயந்திரம் இருக்கிறது, யாருக்கு என்ன தெரியும், சமூகத்துக்கு என்ன தேவை என்று கேட்டு, 1976-ல் சுமார் 150 பொருள்களின் திட்டத்தை முன்வைத்தார்கள். வெப்பப் பம்பு, பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த வாகன எஞ்சின், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பேருந்து, சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவி எல்லாம் அதில் இருந்தன. நிர்வாகம் ஏற்கவில்லை. முன்னின்ற மைக் கூலி பின்னால் வேலையை இழந்தார். வெப்பப் பம்பும் இரட்டை எரிசக்தி வாகனமும் பின்னர் வேறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பெரிய தொழிலாயின என்று பார்த்தால், அந்தப் பட்டியலை எழுதியவர்கள் எவ்வளவு தெளிவாக யோசித்தார்கள் என்பது புரியும். பொருளை யோசித்தவர்கள் இருந்தார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

## இப்போது எதிர்த்திசையில்

இந்த விஷயம் பழங்கதை இல்லை. ஜெர்மனியின் கெர்லிட்ஸ் நகரில் 1849-லிருந்து ரயில் பெட்டி செய்துவந்த ஆலையை ஓர் ஆயுத நிறுவனம் எடுத்துக்கொண்டு, லெப்பர்ட் 2 டாங்கி உள்ளிட்ட ராணுவ வாகனங்களின் பாகங்களைச் செய்ய 2025 பிப்ரவரியில் ஒப்பந்தமானது. மேலே பார்த்த எல்லாக் கேள்விகளும் அங்கே தலைகீழாக நிற்கின்றன. பற்றவைப்பு (வெல்டிங்) தெரிந்த கைகள் ரயில் பெட்டியிலிருந்து கவசத் தகட்டுக்குப் போகும், கஷ்டமில்லை. வாங்குபவர் இனி ராணுவம். இந்தப் பக்கம் போவது எப்போதும் சுலபம், ஏனென்றால் ஆர்டர் கையில் இருக்கிறது.

இப்படி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே சில விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆர்டர் முடிந்தபின் புது இயந்திரங்கள் யாருக்குச் சொந்தம், மண் கெட்டால் சுத்தம் செய்யும் செலவு யாருடையது, ரயில் பெட்டிக்கான அச்சுகளும் வரைபடங்களும் பத்திரமாக இருக்குமா, அந்த வேலை தெரிந்தவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் கிடைக்குமா என்பவை அவை. 1945-ல் ஃபோர்டு ஜூலை மாதத்திலேயே காரை வெளியே விட முடிந்ததற்குக் காரணம், 1942-ன் அச்சுகளை யாரோ எடுத்துவைத்திருந்ததுதான்.